மார்பு அறுவைக்குப் பிறகு உடல் உழைப்புக்குத் திரும்புதல்: நெல்லைச் சீமைத் திருநம்பிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மார்பைத் தட்டையாக்கும் அறுவை செய்துகொண்டு ஊர் திரும்பும் திருநம்பிகள் (பிறப்பில் பெண்ணாகக் குறிக்கப்பட்டு ஆணாக வாழ்பவர்கள்), எத்தனை வாரத்தில் ஜிம்முக்குப் போகலாம் என்றுதான் பெரும்பாலும் கேட்கிறார்கள். நெல்லைச் சீமையில் அதற்கு முன்பே விடை தேட வேண்டிய கேள்விகள் வேறு உண்டு. தண்ணீர் கேனை எப்போது தூக்கலாம், வண்டியை டபுள் ஸ்டாண்டு போடலாமா, கடை ஷட்டரை யார் ஏற்றுவது, டவுன் பஸ்ஸில் நின்றபடி மேல்கம்பியைப் பிடிக்கலாமா, ஆற்றில் எப்போது இறங்கலாம் என்பவையே அவை. ஜிம்மில் எடுக்கும் எடையை எல்லோரும் கிலோ கணக்கில் எண்ணுகிறார்கள். வீட்டிலும் வயலிலும் எடுக்கும் எடையை எவரும் எண்ணுவதில்லை. 20 லிட்டர் கேன் 20 கிலோவுக்கு மேல் இருக்கும். நிரம்பிய சமையல் எரிவாயு சிலிண்டர், உள்ளிருக்கும் 14.2 கிலோ வாயுவோடு இரும்பின் எடையும் சேர்ந்து, 30 கிலோவை ஒட்டி வரும். முதல் மாதத்தில் பெரும்பாலான அறுவை மருத்துவர்கள் அனுமதிப்பது 2 முதல் 4 கிலோ வரைதான்.

இங்கே சொல்லப்படுபவை மார்பின் இருபுறமும் கீழ்ப்பகுதியில் நீளமாகக் கீறி, திசுவை அகற்றி, காம்பைச் சிறிதாக்கி மீண்டும் ஒட்டும் இரட்டைக் கீறல் முறையை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. காம்பைச் சுற்றி மட்டும் சிறிதாகக் கீறும் முறையில் கீறல் குறைவு என்பதால் சிலருக்குக் காலம் சற்றுச் சுருங்கலாம். ஆனால் உள்ளே திசு அகற்றப்பட்ட பரப்பு அதேதான் என்பதால் அவசரப்பட இடமில்லை. வாரக் கணக்குகள் பொதுவானவை. உங்களுக்கு அறுவை செய்த மருத்துவர் இதைவிட நீண்ட காலம் சொல்லியிருந்தால் அவர் சொல்லே இறுதியானது.

தோலுக்கு அடியில் நடப்பது

இந்த அறுவையில் மார்புத் தசை வெட்டப்படுவதில்லை. தசைக்கு மேலிருக்கும் திசு அகற்றப்பட்டு, தோல் மீண்டும் தசையின் மேல் படிய விடப்படுகிறது. அப்படிப் படிந்த தோல், பசை காயாத சுவரொட்டியைப் போல, முதல் சில வாரங்களுக்கு எளிதில் நழுவக்கூடியது. கையை உயர்த்தும்போதும் எதையாவது தள்ளும்போதும் மார்புத் தசை சுருங்குகிறது, தோள் நகர்கிறது, தோல் அதன் மேல் இழுபடுகிறது. இழுபட்ட இடைவெளியில் நீர் கோக்கும். கீறலின் இரு விளிம்புகளும் எதிரெதிர்த் திசையில் இழுக்கப்பட்டால் தழும்பு அகலமாகும். மிகுந்தால் தையல் பிரியும்.

ஆறிய காயத்தின் உறுதி எவ்வளவு மெதுவாகத் திரும்புகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் காத்திருப்பது எளிதாகும். ஒரு வாரத்தில் அது இயல்பான தோலின் உறுதியில் ஏறத்தாழ 3 விழுக்காடுதான். 3 வாரத்தில் 30 விழுக்காட்டை நெருங்கும். 3 மாதத்தில் 80 விழுக்காட்டை எட்டி, பெரும்பாலும் அதோடு நின்றுவிடும். வெளியே தோல் மூடிக்கொண்டது என்பதற்கும் உள்ளே பிடிப்பு வந்துவிட்டது என்பதற்கும் இடையே பல வார இடைவெளி இருக்கிறது.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. அறுவைக்குப் பின் மார்புத் தோல் மரத்துப்போகும். அந்த மரப்பு பல மாதங்கள் நீடிக்கும். சிலருக்குச் சில இடங்களில் உணர்ச்சி முழுமையாகத் திரும்பாமலும் போகலாம். ஆகவே, வலிக்கவில்லையே, தூக்கினால் என்ன என்ற வழக்கமான கணக்கு இங்கே பொய்த்துவிடும். அளவுகோல் வலி அன்று, தழும்பு. எந்தப் புதிய வேலையைத் தொடங்கினாலும் மறுநாள் காலை கண்ணாடி முன் நின்று பாருங்கள். சிவப்போ வீக்கமோ கூடவில்லை, தழும்பின் அகலம் மாறவில்லை என்றால் தொடரலாம். மாறியிருந்தால் ஒரு வாரம் பின்வாங்குங்கள்.

முதல் வாரம்: நடையும் மூச்சும்

அறுவை முடிந்த அன்றோ மறுநாளோ எழுந்து நடக்கத் தொடங்க வேண்டும். காலில் இரத்தம் உறையாமல் காப்பதற்கு நடைதான் எளிய வழி. வீட்டுக்குள்ளேயே ஐந்து அல்லது பத்து நிமிடம், நாளைக்குப் பலமுறை நடந்தால் போதும். பல ஆண்டுகள் பைண்டர் (மார்பைத் தட்டையாகக் காட்ட இறுக்கமாக அணியும் உடுப்பு) கட்டியவர்களுக்கு மேலோட்டமாக மூச்சு விடும் பழக்கமும், தோள் முன்னோக்கிக் கூனும் பழக்கமும் படிந்திருக்கும். அறுவைக்குப் பின் வலிக்குப் பயந்து அதே கூனலில் உட்கார்ந்துவிடுவார்கள். விழித்திருக்கும்போது ஒவ்வொரு மணி நேரமும் நிமிர்ந்து உட்கார்ந்து, விலா விரியும்படி பத்து முறை மெதுவாக மூச்சிழுத்து விடுங்கள். மருத்துவமனையில் கொடுத்த அழுத்த உடுப்பை மட்டுமே அணியுங்கள். பழைய பைண்டரை அதற்கு மாற்றாக ஒருபோதும் கட்டக் கூடாது. அது அழுத்தும் இடமும் அளவும் வேறு.

முழங்கை தோள் மட்டத்துக்கு மேல் போகக் கூடாது என்பது இந்த வாரத்தின் முதல் விதி. அதற்காகக் கையை உடலோடு ஒட்டிக் கட்டிப்போட வேண்டியதில்லை. சாப்பிட, பல் துலக்க, முகம் கழுவக் கையைப் பயன்படுத்தலாம்; பயன்படுத்தவும் வேண்டும். பனியனும் டி-ஷர்ட்டும் தலைவழியாகப் போடுபவை என்பதால் முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டைகளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பாயில் படுத்தெழ வேண்டுமென்றால் கையை ஊன்ற வேண்டியிருக்கும். முதல் மூன்று வாரங்களுக்குக் கட்டிலோ சாய்வு நாற்காலியோ கிடைத்தால் நல்லது. மல்லாந்து, தலைமாட்டை உயர்த்திப் படுப்பது வீக்கத்தைக் குறைக்கும். எழும்போது கால்களைக் கட்டிலின் ஓரத்துக்குக் கொண்டுவந்து, அந்த எடையைக் கொண்டே மேலெழுங்கள். கழிப்பறையில் குந்தி எழுவதற்குத் தடையில்லை; குழாயையோ கதவையோ பிடித்து இழுத்து எழுவதுதான் தவறு.

வடிகுழாய் வைத்திருந்தால், 24 மணி நேரத்தில் வடியும் நீர் பொதுவாக 30 மில்லிக்குக் குறைந்த பின் எடுப்பார்கள். அதுவரை நாள்தோறும் அளவைக் குறித்து வையுங்கள். நடையைக் கூட்டிய நாளில் வடிநீரும் கூடினால், அது உடல் சொல்லும் கணக்கு.

ஊர் திரும்பும் பயணம்

அறுவையைச் சென்னையிலோ மதுரையிலோ கேரளத்திலோ செய்துகொண்டு வருபவர்களே இங்கு அதிகம். சென்னையிலிருந்து நெல்லைக்கு இரவு முழுவதும் பயணம். ரயிலானால் லோயர் பெர்த் கிடைத்தால்தான் புறப்படுங்கள். மேல் பெர்த்துக்கு ஏறுவது கையால் உடலை இழுக்கும் வேலை. பேருந்துப் படுக்கையிலும் அப்படியே. விழித்திருக்கும் நேரத்தில் ஒரு மணிக்கு ஒருமுறை எழுந்து நடந்து, உட்கார்ந்திருக்கும்போது கணுக்காலை மேலும் கீழும் அசைத்து வாருங்கள். பையை உடன் வருபவர் தூக்கட்டும். காரில் வந்தால் சீட் பெல்ட்டுக்கும் மார்புக்கும் இடையே மடித்த துண்டை வையுங்கள். பெல்ட்டைப் போடாமல் வரக் கூடாது. முடிந்தால் முதல் மறுபரிசோதனையும் வடிகுழாய் எடுப்பதும் முடிந்த பிறகே புறப்படுவது என் பரிந்துரை.

இரண்டாம், மூன்றாம் வாரம்

எல்லாக் கட்டங்களிலும் இதுதான் ஏமாற்றக்கூடியது. வடிகுழாய் போய்விட்டது, வலி மாத்திரை நின்றுவிட்டது, முகம் தெளிந்துவிட்டது. வீட்டில் இருப்பவர்களும் ஆள் தேறிவிட்டதாக எண்ணி வேலை சொல்லத் தொடங்குவார்கள். காயத்தின் உறுதியோ இன்னும் மூன்றில் ஒரு பங்கைக்கூடத் தாண்டவில்லை.

நடையை இந்தக் கட்டத்தில் நன்றாகக் கூட்டலாம். காலை ஆறு மணிக்கு முன்போ மாலை வெயில் தாழ்ந்த பின்போ 20 அல்லது 30 நிமிடம் சமதளத்தில் நடங்கள். பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தைச் சுற்றி நடப்பவர்கள் கூட்டமும் பந்து விளையாட்டும் இல்லாத நேரத்தைத் தேர்ந்தெடுக்கலாம். தவறி வந்து மார்பில் மோதும் பந்து ஒன்று போதும். அழுத்த உடுப்பு நெல்லை வெயிலில் பெரும் சோதனை. வியர்வை தேங்கினால் தோல் புண்ணாகும், ஒட்டிய காம்பின் மேல் ஈரம் நிற்கும். இரண்டு உடுப்புகள் வைத்துக்கொண்டு மாற்றி அணிவதும், மருத்துவர் அனுமதித்தால் உள்ளே மெல்லிய பருத்தித் துணியை இடுவதும் உதவும். கோடையில் அறுவைக்கு நாள் குறிப்பவர்கள் இதையும் யோசிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் எனக்கு ஏற்றவையாகத் தோன்றுகின்றன.

கைக்கு இரண்டே பயிற்சிகள் போதும். முன்னால் சற்றுக் குனிந்து ஒரு கையைத் தளர்வாகத் தொங்கவிட்டுச் சிறு வட்டமாக ஆட்டுவது ஒன்று. தோள்பட்டை எலும்புகளைப் பின்னோக்கி ஒன்றையொன்று நெருங்கச் செய்து ஐந்து நொடி நிறுத்துவது மற்றொன்று. இரண்டும் மெதுவாக, இழுபடும் உணர்வு தொடங்கும் இடத்திலேயே நிற்க வேண்டும். மூன்று வாரம் கையையே அசைக்காமல் இருந்தால் தோள் மூட்டு இறுகிவிடும்; அதைப் பிறகு இளக்குவது தழும்பைக் காப்பதைவிடக் கடினம்.

அக்கம்பக்கத்தில் கேன் தூக்கவோ பெட்டி இறக்கவோ கூப்பிடும்போது உடனே மறுக்க ஒரு வாக்கியம் தயாராக இருக்கட்டும். "நெஞ்சுல ஒரு ஆபரேசன் நடந்திருக்கு அண்ணாச்சி, மூணு மாசம் வெயிட்டு தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிருக்காரு" என்பது முழு உண்மை. அதற்கு மேல் விளக்கம் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை.

நான்காம் வாரம் முதல் ஆறாம் வாரம் வரை

கால்களுக்கு இப்போது பெரும்பாலும் விடுதலை கிடைக்கிறது. கையை எதிலும் ஊன்றாமல் செய்யும் பஸ்கி, படி ஏறுதல், நிமிர்ந்து உட்கார்ந்து மிதிக்கும் நிலைச் சைக்கிள் ஆகியவற்றைத் தொடங்கலாம். மூச்சைப் பிடித்து முக்கும் அளவுக்குப் போக வேண்டாம். மெதுவோட்டத்தை ஆறாம் வாரத்தை ஒட்டி, அழுத்த உடுப்போடு தொடங்குவது நல்லது. ஓடும்போது தோல் குலுங்குவதைத் தழும்பு விரும்பாது.

கையை உயர்த்தும் பயிற்சியையும் மருத்துவரைக் கேட்டு இந்தக் கட்டத்தில் தொடங்கலாம். சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் சுவரில் நடப்பதுபோல் கையை மேலே கொண்டுபோங்கள். எட்டிய உயரத்தில் பென்சிலால் கோடிட்டு வைத்தால் முன்னேற்றம் தெரியும். அக்குளிலிருந்து கையை நோக்கிக் கயிறுபோல ஏதேனும் இழுத்துப் பிடிப்பதாகத் தோன்றினால் அஞ்ச வேண்டாம். அது அறுவைக்குப் பின் சிலருக்கு வருவது, இயன்முறை மருத்துவர் இதமாக நீட்டிச் சரிசெய்வார்.

வண்டி ஓட்டுவதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தூக்கம் தரும் வலி மாத்திரைகள் நின்றிருக்க வேண்டும், திடீரென பிரேக் பிடிக்கவும் கைப்பிடியைத் திருப்பவும் தயக்கம் இருக்கக் கூடாது என்பவை எவருக்கும் பொருந்தும் நிபந்தனைகள். கியர் இல்லாத ஸ்கூட்டரை நான்காம் வாரத்துக்குப் பின்பு, நல்ல சாலையில், குறைந்த தூரத்துக்குத் தொடங்கலாம். கனமான மோட்டார் சைக்கிளுக்கு ஆறு வாரம் பொறுங்கள். வண்டி ஓடும்போதைவிட நிற்கும்போதுதான் அது மார்பைச் சோதிக்கும். டபுள் ஸ்டாண்டு போட வண்டியைப் பின்னுக்கு இழுப்பதும், மண்ணில் சரியும் வண்டியைத் தாங்கிப் பிடிப்பதும் மார்பின் முழு பலத்தையும் கேட்பவை. சைடு ஸ்டாண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பஸ்ஸில் போவதானால் இடம் கிடைக்கும் நேரத்தில் போங்கள். நின்றபடி மேல்கம்பியைப் பிடித்திருக்கும் கையை ஒரு திடீர் பிரேக் அப்படியே பிய்த்து இழுக்கும்.

ஆறு வாரத்துக்குப் பிறகு: முதுகு, தோள், கடைசியில் மார்பு

எல்லாரும் அவசரப்படும் இடம் மார்புத் தசைதான். தட்டையான மார்பில் தசை தெரிய வேண்டும் என்ற ஆசை நியாயமானது. ஆனால் வரிசை மாறக் கூடாது. முதலில் முதுகும் தோள்பட்டையும்: ரப்பர் பட்டையைக் கதவில் மாட்டி முழங்கையைப் பின்னோக்கி இழுக்கும் பயிற்சி, பைண்டர் காலத்துக் கூனலையும் சேர்த்து நிமிர்த்தும். பிறகு 1 அல்லது 2 கிலோ டம்பெல்லில் கைத்தசைக்கான பயிற்சிகள். வாரத்துக்கு ஒருமுறை மட்டும், சிறிதளவே எடை கூட்டுங்கள். டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோனை மருந்தாக எடுத்துக்கொள்பவர்களுக்குத் தசை விரைவாக வலுப்பெறும். தசைநாண்களும் தழும்பும் அந்த வேகத்தில் வலுப்பெறாது. தூக்க முடிகிறது என்பது தூக்கலாம் என்பதற்குச் சான்று ஆகாது. அதே மருந்து இரத்தத்தில் சிவப்பணுக்களைக் கூட்டக்கூடியது என்பதால், வெயிலில் தண்ணீர் குடிக்காமல் பயிற்சி செய்வதையும் தவிர்க்க வேண்டும்.

தண்டாலுக்கு எட்டு வாரத்துக்கு மேல் ஆகட்டும். முதலில் சுவரில் கைவைத்து, ஒரு வாரம் கழித்து மேசை விளிம்பில், பின்பு முழங்கால் ஊன்றி, மூன்று மாதம் நிறைந்த பின்பே தரையில். பெஞ்ச் பிரஸ், தொங்கி எழும் புல்-அப், கர்லாக்கட்டை சுழற்றுதல், சிலம்பம் எல்லாம் அதற்குப் பின் வரிசையில் நிற்பவை. கபடிக்கு இன்னும் ஒரு மாதம் கூடுதலாகப் பொறுக்கலாம் என்பது என் எண்ணம். பிடியில் நான்கு பேர் மேலே விழும் ஆட்டத்தில் படிப்படியாகத் தொடங்குவது என்ற ஒன்றே கிடையாது. நெல்லையப்பர் ஆனித் தேரும் அப்படித்தான். வடம் பிடிப்பது கை, முதுகு, மார்பு மூன்றையும் ஒருசேர இழுப்பது, கூட்ட நெரிசல் வேறு. சித்திரையிலோ வைகாசியிலோ அறுவை செய்துகொண்டவர் அந்த ஆண்டு ரத வீதியில் ஓரமாக நின்று தேரைப் பார்த்துக்கொள்ளட்டும்.

உணவைப் பற்றி ஒரு வார்த்தை. காயம் ஆறப் புரதம் வேண்டும். அதற்கு டப்பாவில் விற்கும் பொடிதான் வேண்டும் என்பதில்லை. முட்டையும் மீனும் இருக்க, நம் வீட்டு உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும் இருக்க, புரதத்துக்குப் பஞ்சமில்லை. கருவாட்டையும் ஊறுகாயையும் மட்டும் முதல் சில வாரங்களுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். உப்பு வீக்கத்தைக் கூட்டும்.

தொழிலுக்குத் திரும்புபவர்கள்

கணினி முன் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு இரண்டு வாரத்தில் பலர் திரும்பிவிடுகிறார்கள். கடை வேலை என்றால், பில் போடலாம். ஷட்டர் ஏற்றுவதையும் மேல் அலமாரியில் சரக்கு எடுப்பதையும் மூன்று மாதம் வேறொருவர் பார்க்கட்டும். மண்வெட்டி பிடித்து வரப்பு வெட்டுதல், வாழைத்தார் சுமத்தல், சிமெண்டுச் சட்டி தூக்குதல் ஆகியவற்றுக்கும் மூன்று மாதம் வேண்டும். அதன் பின்னும் முதல் நாளே முழு நாள் கூலிக்குப் போகாமல் அரை நாளில் தொடங்குவது நல்லது.

பீடி சுற்றுபவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சுளகை மடியில் வைத்து, முழங்கை உடலோடு ஒட்டியிருக்கச் செய்யும் வேலை என்பதால் அசைவைப் பொறுத்தவரை அது பாதுகாப்பானதாகவே தோன்றும். சிக்கல் புகையிலைத் தூளில் இருக்கிறது. புகைக்காதவரானாலும், தூளைக் கையாளும்போது தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் நிகோடின் உடலில் சேர்கிறது. நிகோடின் சிறு இரத்தக்குழாய்களைச் சுருக்கும். ஒட்டிய காம்பு உயிர்பிடிக்க அந்தக் குழாய்கள்தான் வேண்டும். அறுவைக்கு முன்னும் பின்னும் குறைந்தது நான்கு வாரம் புகைக்கக் கூடாது என்று சொல்லும் மருத்துவரிடம், நான் பீடி சுற்றுகிறேன் என்பதையும் சொல்லி, எப்போது நிறுத்தி எப்போது தொடங்குவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவராகக் கேட்க அவருக்குத் தோன்றாமல் போகலாம்.

ஆறும் அருவியும் கடலும்

காம்பின் மேலுள்ள பொருக்கு முழுவதும் உதிர்ந்து, கீறலில் ஓரிடத்திலும் திறப்போ கசிவோ இல்லாத நிலை வரும்வரை தாமிரபரணியில் முங்கிக் குளிக்கக் கூடாது. பெரும்பாலோருக்கு அது ஆறு வாரமாவது ஆகும். படித்துறையில் இறங்குவது வேறு, நீச்சல் வேறு; எதிர்நீச்சலுக்கு மூன்று மாதம் காத்திருங்கள். குற்றாலத்திலோ அகத்தியர் அருவியிலோ விழும் நீர் நேராகத் தோளிலும் மார்பிலும் அறையும். உணர்ச்சி குறைந்த தோலுக்கு அதன் வேகம் தெரியாது. வழுக்கினால் கம்பியை எட்டிப் பிடிக்க வேண்டியும் வரும். அதற்கும் மூன்று மாதம்தான். திருச்செந்தூரில் அலையும் அப்படியே.

அதே திருச்செந்தூரில் ஆண்கள் சட்டையைக் கழற்றிக்கொண்டுதான் சந்நிதிக்குள் போக வேண்டும். அந்த நாளுக்காகவே காத்திருந்த திருநம்பிகள் உண்டு. தடையேதும் இல்லை, வெளியே வெயிலில் நிற்கும்போது மட்டும் ஓர் ஆண்டுக்குத் தழும்பை மூடியோ சன்ஸ்கிரீன் பூசியோ வையுங்கள், இல்லாவிட்டால் அது கறுத்து நிலைத்துவிடும்.

உடனே நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

ஒரு பக்கம் மட்டும் திடீரென வீங்கி, இறுகி, வலித்தால் உள்ளே இரத்தம் கட்டியிருக்கலாம். முதல் இரண்டு நாட்களில் இது அதிகம், ஆனால் முன்கூட்டியே கனமானதைத் தூக்கியவருக்குப் பின்னரும் வரலாம். பரவும் சிவப்பு, சீழ், துர்நாற்றம், 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும் காய்ச்சல் ஆகியவை தொற்றின் அடையாளங்கள். தட்டினால் தளும்புவதுபோல் தோன்றும் வீக்கம் நீர்க்கோப்பு. மருத்துவர் ஊசியால் எடுத்துவிடுவார், நீங்களாக அழுத்தி வடிக்க முயலாதீர்கள். ஒரு காலில் மட்டும் கெண்டைக்கால் வீங்கி வலித்தாலும், திடீரென மூச்சுத் திணறினாலும், நெஞ்சு வலித்தாலும் ஊரில் எங்கிருந்தாலும் 108-ஐ அழையுங்கள்.

அறுவை செய்த மருத்துவர் தொலைவில் இருப்பதால் அவசரத்துக்கு நீங்கள் போகப்போவது அனேகமாகப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையாகவோ அருகிலுள்ள தனியார் மருத்துவமனையாகவோ இருக்கும். டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலைக் கைபேசியில் வைத்திருங்கள். அறுவை நடந்த நாள், முறை, தற்போதைய மருந்துகள் மூன்றையும் முதலிலேயே சொல்லுங்கள். திருநர் என்பதற்காக மருத்துவச் சேவையை மறுப்பதை 2019-ஆம் ஆண்டின் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது.

மூன்று மாதத்துக்குப் பின்

கீறல் முழுவதும் மூடிய பிறகு, மருத்துவர் சொன்னபடி சிலிகான் பட்டையோ களிம்போ பயன்படுத்தலாம். விரல் நுனியால் தழும்பை அழுத்தித் தேய்ப்பது, அது அடியிலுள்ள தசையோடு ஒட்டி இறுகாமல் காக்கும். தழும்பு முதிர ஓர் ஆண்டு வரை ஆகும். ஆறு மாதம் கடந்தும் ஒரு கை மற்றதன் உயரத்துக்கு எழவில்லையென்றால் அது தானே சரியாகும் என்று விட்டுவிடாமல் இயன்முறை மருத்துவரிடம் காட்டுங்கள். அக்குளோரம் தங்கிய சதை மடிப்பையோ காம்பின் வடிவத்தையோ திருத்த இரண்டாம் அறுவை செய்துகொள்பவர்கள், கீறல் சிறிதென்றாலும், அந்தப் பகுதிக்கு வாரக் கணக்கை மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். எவ்வளவு சுருக்கலாம் என்பதை அன்றைக்கே மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.